கம்பிக்குக் கீழே முளைத்த வேம்பு

மதுரைப் பக்கம் காலி மனைக்குக் கம்பி வேலி போட்டு இரண்டு மழை கழிந்தால் போதும், கம்பிக்கு நேர் கீழே வேப்பங்கன்றுகள் வரிசை கட்டி நிற்கும். யாரும் நட்டதில்லை. கம்பியில் வந்து உட்கார்ந்த காக்காயும் மைனாவும் குயிலும் விட்டுப்போன விதைகள் அவை. பறவைக்குப் பிடித்த மரம் எது என்று தெரிய வேண்டுமானால் அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் இப்படிக் கொஞ்சம் குனிந்து பார்ப்பது நல்லது.

அடுத்து பழத்தைப் பாருங்கள். பறவைக்குப் பல் கிடையாது. கடித்து மென்று தின்ன முடியாது. அதனால் பறவைக்கென்றே பழுக்கும் பழம் பெரும்பாலும் மெல்லிய தோலோடு, அலகுக்குள் அடங்கும் அளவில் இருக்கும். நிறம் சிவப்பு அல்லது கருப்பு. பறவையின் கண்ணில் நிறம் பிரித்தறியும் கூம்புச் செல்கள் நான்கு வகை, நமக்கு மூன்றுதான். நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் பல பறவைகளுக்குத் தெரியும். மூக்கு அவ்வளவு முக்கியமில்லை என்பதால் இந்தப் பழங்களில் வாசனை குறைவு. இலுப்பைப் பழத்தை இதற்கு நேரெதிராகச் சொல்லலாம். மங்கிய பச்சை நிறம், நெடி மட்டும் தூக்கலாக இருக்கும். ராத்திரியில் முகர்ந்து வரும் வௌவாலுக்கு நிறம் எதற்கு?

இந்தக் கோடு அத்தனை கறாரானதல்ல. நாவல் கருப்புதான், பறவைகளும் வரும். ஆனால் கொட்டை பெரிசு என்பதால் சின்னான் குருவி சதையை மட்டும் கொத்திவிட்டுப் போய்விடும். பழுத்ததும் உதிர்ந்து மண்ணில் கிடப்பது நாவலின் குணம். பழமுதிர்சோலையில் ஔவைப் பாட்டி மண்ணை ஊதியதும், ‘பழம் சுடுகிறதா?’ என்று கேட்டு முருகன் சிரித்ததும் அதனால்தானே! பறவையை நம்பும் செடிகள் பலவும் பழுத்த பிறகும் பழத்தைக் காம்பிலேயே பிடித்து வைத்துக் காத்திருக்கும்.

கண்மாய்க் கரைக்குப் போனால் பூலாச் செடியில் இதைப் பார்க்கலாம். இலைக் கக்கங்களில் மிளகைவிடச் சற்றுப் பெரிய பழங்கள். சிவந்து, பிறகு கருத்துவிடும். பிழிந்தால் ஊதா மை. அதன் உறவான வெள்ளைப்பூலாவில் சின்ன வட்ட இலை, முள்ளாக முடியும் கிளை நுனி, வெண்முத்துப் போன்ற பழம். (பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூ வேறு செடி, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சூரைச் செடியை இலையைவிட முள்தான் காட்டிக்கொடுக்கும், வேட்டியைப் பிடித்தால் விடாது. அதன் பழம் கருகருவென்று பளபளக்கும்.

இனிப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் வீட்டுச் சர்க்கரையான சுக்ரோஸைச் செரிக்கும் நொதி மைனா குடும்பத்துப் பறவைகளின் குடலில் இல்லை. பறவை தின்னும் பழங்கள் பலவற்றில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமே மிகுதி. ரத்தத்தில் உடனே சேரும், வேலை சீக்கிரம் முடியும்.

கிளியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கோவைப்பழமும் கிளி மூக்கும் என்று சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கிளி விதையையே உடைத்துத் தின்கிற ஆள். அது வந்து போனால் செடிக்கு நஷ்டம்தான்.

பறவைகளை அதிகம் கூட்டுகிற மரம் என்றால் நான் ஆலமரத்தைத்தான் சொல்வேன். ‘அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு’ என்று சலித்துக்கொள்கிறோமே, அந்தப் பூச்சியால்தான் அத்தி, ஆல், அரசு எல்லாம் பிழைக்கின்றன. பழத்துக்குள்ளே பூ, அதற்கு மகரந்தம் சேர்ப்பது ஒரு குட்டிக் குளவி. அந்தக் குளவியின் ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் வேறொரு மரத்தில் பூ தயாராக இருக்க வேண்டும். அதனால் எல்லா ஆலமரமும் ஒரே மாதத்தில் காய்ப்பதில்லை, ஆளுக்கொரு நேரம். மற்ற மரங்கள் வெறுங்கையோடு நிற்கும் மாதத்திலும் எங்கோ ஓர் ஆல் பழுத்திருக்கும். அங்கே செம்மார்புக் குக்குறுவான் ‘டொக் டொக்’ என்று கூவிக்கொண்டிருக்கும். விதையோ கடுகைவிடச் சின்னது. எச்சத்தோடு பனையின் மட்டை இடுக்கில் விழுந்தால் அங்கேயே முளைத்து, பனையைச் சுற்றி வேர் இறக்கிவிடும்.

இதைவிடச் சாமர்த்தியம் புல்லுருவிக்கு. மாந்தோப்பில் ஒரு கிளையில் மட்டும் இலை தடித்து, நிறம் மாறித் தெரிந்தால் அது அந்த மரத்தையே உறிஞ்சி வாழும் புல்லுருவி. அந்தப் பழத்துக்கு வருவது பூங்கொத்தி, எட்டு சென்டிமீட்டர் நீளம்தான், நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. விதையைச் சுற்றிப் பசை போல ஒரு பொருள். விழுங்கிய விதை சில நிமிடங்களில் வெளியே வரும், ஆனால் கீழே விழாது, பின்பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பூங்கொத்தி கிளையில் தேய்த்துத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். புல்லுருவி முளைக்க வேண்டிய இடமும் கிளைதான். தோப்புக்காரருக்கு ஆத்திரம் வரும், நியாயம்தான். என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் இடத்துக்குப் பறவை வர என்ன செய்யலாம்? கன்று வாங்கி நடலாம். காசில்லாத வழியும் உண்டு: குறுக்குக் கம்பு கட்டிய கழி ஒன்றை நட்டு வையுங்கள். பறவை வந்து உட்காரும், வேம்பும் பூலாவும் கீழே தானாக வரும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து காடெல்லாம் பரவிய உண்ணிச்செடியும் அதே வழியில் வந்து சேரும். அதைச் சிறிசாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.