நேற்றைய நாளைச் சொல்லுங்கள்

என் கிளினிக் கிழக்கு தில்லியில், மயூர் விஹார் முதல் ஃபேஸில் இருக்கிறது. வருபவர்களில் நிறையப் பேர் அறுபதைத் தாண்டிய தமிழர்கள். மத்திய அரசு வேலைக்காக 1970களில் ரயிலேறி வந்தவர்கள். ஆர்.கே. புரம், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்து, ரிட்டயர் ஆன பிறகு யமுனையைத் தாண்டி இந்தப் பக்கம் சொசைட்டி ஃபிளாட்டில் குடியேறியவர்கள். பிள்ளைகள் அமெரிக்காவில், இல்லாவிட்டால் பெங்களூரில். வீட்டில் இரண்டு பேர், சில வீடுகளில் ஒரே ஒருவர்.

இவர்களில் யாரும் "மனசு சரியில்லை டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைசுற்றல், தூக்கமின்மை, பசியின்மை, கால் எரிச்சல் என்றுதான் வருவார்கள். கூடவே, "வயசாயிடுத்து, வேற என்ன" என்று தாங்களே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். அதனால் பல வருஷமாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பி.பி. பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுவேன்: "நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கற வரைக்கும் என்ன பண்ணினீங்க? வரிசையா சொல்லுங்க." பத்து நிமிடம் ஆகும். வெளியில் காத்திருப்பவர்கள் கோபப்படுவார்கள். ஆனாலும் இதை நான் விடுவதில்லை. உடம்புக்கும் மனசுக்கும் எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்பது இந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரிகிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கீழே வருகிற மற்றவர்களுக்கும் அப்படித்தான். வயது 74, அமைச்சகம் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருந்தவர். புகார், தூக்கமே இல்லை. முந்தைய நாளை அவர் சொன்னபடி: காலை நாலரைக்கு எழுந்து காபி. பூஜை, பேப்பர். பத்தரைக்குச் சாப்பாடு, ஆபீஸ் நாட்களின் பழக்கம். பன்னிரண்டரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்தார். மறுபடி காபி, ஐந்தரைக்கு இன்னொன்று. ஆறிலிருந்து ஒன்பதரை வரை டிவியில் விவாதம். ஒன்பதரைக்கு பி.பி. மாத்திரை, பத்துக்குப் படுக்கை. பிறகு சிறுநீர் கழிக்க நாலு முறை எழுந்தார். கடைசியில், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

அந்த பி.பி. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். சிறுநீரை அதிகம் பிரிக்கும் மருந்து சேர்ந்தது அது. காலையில் போட வேண்டியதை ராத்திரி போட்டுக்கொண்டிருந்தார். பகலில் மூன்று மணி நேரம் தூங்கியாகிவிட்டது, சாயங்காலம் இரண்டு காபி உள்ளே போயிருக்கிறது, படுக்கப் போகிறவரை டிவியில் சண்டை. இத்தனைக்கும் மேலே ஒரு தூக்க மாத்திரை. படுத்திருக்கும்போது பி.பி. 148, எழுந்து நின்று மூன்றாவது நிமிடத்தில் 122. நின்றதும் மேல் அளவு 20 அல்லது அதற்குமேல் இறங்கினால் விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. ராத்திரி நாலு முறை இருட்டில் பாத்ரூம் போகிறவருக்கு அது எப்படிப்பட்ட ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரையைக் காலைக்கு மாற்றினோம். பகல் தூக்கம் அரை மணி, மூன்று மணிக்குப் பிறகு காபி கிடையாது. அல்பிரசோலம் அவர் எப்போதாவது போட்டதுதான் என்பதால் அன்றோடு நின்றது. ஆனால் மாதக்கணக்கில் தினமும் போடுகிறவர்கள் தயவுசெய்து தாங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். வயதானவர்களுக்கு இந்த வகை மருந்து தடுமாற்றத்தையும் மறதியையும் கொண்டுவரும். மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்தை ஒரு ஃபிளாட்டிலிருந்து இன்னொரு ஃபிளாட்டுக்குக் கைமாற்றுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இதய டாக்டர் எழுதியது, ப்ராஸ்டேட்டுக்கு எழுதியது, முட்டி வலிக்குக் கடையில் வாங்கியது, சளிக்கு வாங்கியது, எல்லாம். ப்ராஸ்டேட் மாத்திரைகளில் சில நின்றதும் பி.பி.யை இறக்கும். முட்டி வலி மாத்திரை பலவும் பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சளி மாத்திரைகளில் சில வயதானவர்களைக் குழப்பத்தில் ஆழ்த்தும்.

இன்னொருவர் 69 வயது அம்மா. மகள் குர்கானிலிருந்து அழைத்து வந்தாள். "அம்மாவுக்கு ஞாபகம் தப்பறது, டிமென்ஷியாவா பாருங்க" என்றாள். கணவர் போய் எட்டு மாதம். நேற்றைய நாளைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "சொல்றதுக்கு என்னம்மா இருக்கு? காலையில காபி, ரெண்டு பிஸ்கட். ஒருத்திக்காக எதுக்கு அடுப்பு மூட்டணும்னு ரசஞ்சாதம். ராத்திரி தயிர்சாதம், ஊறுகாய். ஒன்பது மணிக்குப் பையன் வீடியோ கால் பண்ணுவான், அதுவரைக்கும் உட்கார்ந்திருப்பேன்." நேற்று அவன் கூப்பிடவில்லை, மீட்டிங். அதைச் சொல்லும்போது மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சைவச் சாப்பாடு, சர்க்கரைக்கு பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின், இரண்டும் சேர்ந்தால் வைட்டமின் பி12 குறைவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. மெட்ஃபார்மின் நாள்பட்டால் உடம்பு பி12-ஐ எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். பார்த்ததில் ரொம்பக் குறைவு. உள்ளங்கால் மதமதப்பு, அசதி, மறதி, மூன்றுக்கும் அது காரணமாக இருக்கலாம். தைராய்டும் பார்த்தோம், சரியாக இருந்தது. ஊசி போட ஆரம்பித்தோம். ஆனால் ஊசியோடு விட்டால் பாதி வைத்தியம்தான். அவர் கணவரை மட்டும் இழக்கவில்லை. இரண்டு பேருக்குச் சமைத்த சமையல், கூடப் போன வாக்கிங், சண்டை போட்ட டிவி ரிமோட் என்று ஒரு நாள் முழுவதையும் இழந்திருக்கிறார். துக்கம் இயல்பு. அதற்கு மாத்திரை எழுத நான் அவசரப்படுவதில்லை. ஆனால் எதிலும் ஈடுபாடில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு இரண்டு வாரத்துக்குமேல் நாள் முழுக்க அப்படியே இருந்தால், அது மனச்சோர்வு நோயா என்று பார்த்தாக வேண்டும். "வாழ்ந்தது போதும்" என்று பெரியவர்கள் சொன்னால் பேச்சுவாக்கில் சொல்கிறார்கள் என்று கடந்து போகாதீர்கள். அன்றே மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் கூப்பிடலாம். மூத்தவர்களுக்கான உதவி எண் 14567.

சாப்பாட்டில் அவருக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், புரதம். இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமாவது வேண்டும், 55 கிலோ எடை என்றால் குறைந்தது 55 கிராம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 200 மில்லி பாலில் 6, 7 கிராம், 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம் கிடைக்கும். ரசஞ்சாதத்தையும் தயிர்சாதத்தையும் கூட்டிப் பார்த்தால் பாதிகூடத் தேறாது. அடை, சுண்டல், பயத்தம்பருப்புக் கூட்டு, பனீர், இவையெல்லாம் தினமும் எதிலாவது வர வேண்டும்.

புரதம் குறைந்தால் முதலில் தொடை வற்றும். கிளினிக்கில் கை இல்லாத ஒரு நாற்காலி வைத்திருக்கிறேன். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவேன். எழுபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10, அதற்குக் கீழே போனால் கால் பலம் போதவில்லை என்று அர்த்தம். அந்த அம்மா ஆறு முறை எழுந்தார். வீட்டில் செய்வதானால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். இதுவே நல்ல பயிற்சியும்கூட. வாரம் குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற மிதமான உடற்பயிற்சி, அதோடு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம்மவர்கள் நடையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நடையிலும் தில்லிக்கென்று ஒரு சங்கடம் உண்டு. விடிகாலை வாக்கிங் போனால்தான் நல்லது என்று ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணத்தை நவம்பரிலிருந்து ஜனவரி வரை மூட்டை கட்டி வையுங்கள். அந்த நேரத்தில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, புகையை மேலே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பி.பி.யும் ஏறும். வெயில் வந்தபின், பதினொன்றுக்கு மேல், சஞ்சய் ஏரிப் பக்கமோ சொசைட்டிக்குள்ளேயோ நடங்கள். காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டிய நாளில் வீட்டுக்குள்ளேயே நாற்காலிப் பயிற்சி போதும். ஃப்ளூ தடுப்பூசியைக் குளிர் வருவதற்குமுன் போட்டுக்கொள்ளுங்கள்.

நேற்றைய நாளைச் சொல்லும்போது சிலர் நடுவில் ஒரு துண்டை விட்டுவிடுவார்கள். அப்படித்தான் ஒருவர், மாத்திரை தவறாமல் போடுகிறவர், திடீரென்று 190/100 உடன் வந்தார். காலை பத்தரையிலிருந்து ஒன்றரை வரை என்ன செய்தார் என்று கேட்டால் பேச்சே இல்லை. மனைவிதான் சொன்னார். சி.பி.ஐ. என்று வீடியோ காலில் வந்த ஒருவன், "உங்கள் ஆதாரில் குற்றம் நடந்திருக்கிறது, அறையை விட்டு நகரக்கூடாது" என்று மூன்று மணி நேரம் உட்கார்த்தி வைத்திருக்கிறான். முப்பத்தைந்து வருடம் ஒரு கறை இல்லாமல் வேலை பார்த்தவர், அந்த வார்த்தையிலேயே ஆடிப்போய்விட்டார். பணம் போகவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் "இதுகூடத் தெரியலையாப்பா" என்பார்களே என்ற வெட்கம் அவரைத் தின்றிருக்கிறது. இப்படி வீடியோ காலில் மிரட்டுகிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் டிஜிட்டல் அரெஸ்ட். அப்படி நம் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகளே, அப்பா இப்படி ஒன்றைச் சொன்னால் முதலில் திட்டாதீர்கள். அடுத்த முறை சொல்லாமலே இருந்துவிடுவார்.

பெரியவர்கள் வெளியே போகாமல் ஒதுங்கிவிடுவதற்குக் காதும் ஒரு காரணம். 1946இல் தொடங்கி, இப்போது ஆர்.கே. புரத்தில் இயங்கிவரும் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நிகழ்ச்சி ஒன்றைக்கூட விடாத ஒருவர், இரண்டு வருடமாகப் போகவில்லை. வீட்டில் எல்லோரும் மனச்சோர்வு என்றார்கள். அவருக்குப் பேச்சு சரியாகக் கேட்கவில்லை, கேட்டதாகத் தலையாட்டி அலுத்துவிட்டது, அவ்வளவுதான். காது மெஷின் பொருத்தியபின் பிங்க் லைன் மெட்ரோவில் மோதி பாக் வரை போய் இறங்கி, தானே ஆட்டோ பிடித்துப் போய் வருகிறார்.

அந்த அம்மா போன வாரம் வந்திருந்தார். நாற்காலியில் ஒன்பது முறை எழுந்தார். மறதி குறைந்திருக்கிறது, கால் மதமதப்பு இன்னும் போகவில்லை, அதற்கு மாதங்கள் ஆகும். "நேத்தா?" என்று ஆரம்பித்தார். தூக்குப் பாத்திரத்தோடு மதர் டெய்ரி பால் பூத்துக்கு நடந்தது, வழியில் மலையாளி டீச்சரோடு நின்று பேசியது, அடை வார்த்து கீழ் ஃபிளாட் பஞ்சாபி அம்மாவுக்கு நாலு கொடுத்தது, பதிலுக்கு அவள் மேத்தி பராட்டா கொடுத்தது, நாலு மணிக்கு அந்த வீட்டுப் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆறு மணிவரை தடையில்லாமல் வந்தது பேச்சு. அதற்குப் பிறகு குரல் தாழ்ந்தது. ராத்திரி எட்டுக்கு மேல் வீட்டில் சத்தமே இல்லை என்றார். அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.