பினாங்குப் பாலத்தில் ஓட வருகிறீர்களா? ஓட்டம் வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடும்

"அங்கிள், உங்க ஹோட்டல் ரூம் நம்பர் என்ன?"

ஓட்டப் போட்டிகளின் மருத்துவக் கூடாரத்தில் தள்ளாடி வருகிற ஒவ்வொருவரிடமும் நான் இதைத்தான் முதலில் கேட்பேன். பெயரைக் கேட்டுப் பயனில்லை. மூளை குழம்பிப் போயிருந்தாலும் சொந்தப் பெயர் தானாக வாயில் வந்துவிடும். அறை எண் அப்படியல்ல, அது நேற்றோ முந்தாநாளோ மனதில் ஏறியது. முதலில் நழுவிப் போவதும் அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் மலேசியாவின் பினாங்குத் தீவில் ஓர் ஓட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நாளைக்குத்தானே டாக்டர் செக்-இன்" என்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். இரண்டு இளைஞர்கள் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, கொஞ்சம் தண்ணி குடுங்க, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். உடம்பெல்லாம் வியர்வை. நெற்றியைத் தொட்டால் பெரிதாகச் சூடு தெரியவில்லை. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 41.2 டிகிரி செல்சியஸ்.

அது ஹீட் ஸ்ட்ரோக், வெப்பத் தாக்கு. தோல் காய்ந்து போயிருக்கும், வியர்வை நின்றிருக்கும் என்று பலர் படித்திருப்பீர்கள். ஓடும்போது வருகிற வெப்பத் தாக்கில் ஆள் பெரும்பாலும் நனைந்துதான் இருப்பார். நெற்றியிலும் காதிலும் அக்குளிலும் எடுக்கிற அளவு அப்போது நம்மை ஏமாற்றிவிடும்.

பெரியவரை அப்படியே தூக்கி, ஐஸும் தண்ணீரும் நிரப்பிய தொட்டியில் கழுத்து வரை அமிழ்த்தினோம். ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நின்றது. ஆனாலும் ஏற்றவில்லை. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனை. உடல் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் சேதமாகின்றன. அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டால் அநேகமாக எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஃபால்மத் என்ற கடற்கரை ஊரில் கோடையில் 11 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கிறது. அங்கே 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பத் தாக்கு வந்தது. எல்லோரையும் இப்படித்தான் ஐஸ் தண்ணீரில் போட்டார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை.

பன்னிரண்டு நிமிடத்தில் பெரியவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "தம்பி, குளிருது" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோது வந்த நிம்மதி இப்போதும் நினைவிருக்கிறது.

அப்புறம் அவர் மனைவியிடம் பேசினேன். கேட்கக் கேட்க, இவர் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை என்றாலும் தொடங்கியது வெள்ளிக்கிழமை என்று புரிந்தது. வெள்ளி இரவு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள். சனி காலை பினாங்கு மலை. அங்கிருந்து கெக் லோக் சி கோயில், அத்தனை படிகளும் ஏறியிருக்கிறார். மத்தியான வெயிலில் ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் தெருவில் சுவரோவியங்கள் முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டது. இரவு கர்னி டிரைவில் சாப்பாடு. பத்தரைக்குப் படுத்து நள்ளிரவு தாண்டியதும் எழுந்தாயிற்று. "ரெண்டு நாளா லேசா காய்ச்சல் மாதிரி இருந்துச்சு டாக்டர், பெனடோல் மாத்திரை போட்டுக்கிட்டாரு" என்பதை அந்த அம்மா கடைசியாகத்தான் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது.

அவர் பயிற்சி இல்லாதவர் அல்ல. ஆறு மாதம் முறையாக ஓடியவர். கூடாரத்துக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான். உள்ளூர்க்காரர்களுக்கு சனிக்கிழமை வீட்டில் கால் நீட்டிப் படுக்கிற நாள். வெளியூர்க்காரர்களுக்கு அது ஊர் சுற்றிப் பார்க்கும் நாள்.

ஊர் அப்படி. ஜார்ஜ் டவுன் 2008-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம். குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வரை எல்லாமே நடக்கிற தூரத்தில் இருப்பதால், நடந்துகொண்டே இருப்போம். இருபதாயிரம் அடி நடந்ததே தெரியாது. ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். ஊரை ஓட்டத்துக்குப் பிறகு பாருங்கள். திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு சேர்த்துப் போடுங்கள். சனிக்கிழமை பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண் அட்டை) வாங்கப் போய்வருவதோடு காலுக்கு வேலை முடியட்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன். நாசி கண்டார் நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் தோளில் காவடி மாதிரிக் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தெருத்தெருவாக விற்றார்கள். அந்தக் கம்புதான் கண்டார். கடையில் "பாஞ்சிர்" என்று சொன்னால் வெள்ளம் என்று அர்த்தம், நாலு குழம்பும் கலந்து சோறு மிதக்க ஊற்றுவார்கள். எனக்கும் உயிர்தான். ஆனால் அந்த எண்ணெயும் காரமும் வயிற்றை விட்டு இறங்க நிறைய நேரம் ஆகும். விடியுமுன் ஓட வேண்டியவருக்கு முந்தைய இரவு அது வேண்டாம். வெள்ளைச் சோறு, முட்டை, ரொட்டி, வாழைப்பழம் என்று உங்கள் வயிறு ஏற்கெனவே பழகியதைச் சாப்பிடுங்கள். பல நாசி கண்டார் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டே போகலாம்.

தூக்கம்தான் இன்னும் கஷ்டம். இங்கே வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஓட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பினாங்கில் அதிகாலை 3 மணி என்றால் உங்கள் உடம்புக்கு அது நள்ளிரவு 12.30. ஓட்டத்துக்கு முந்தைய இரவு யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது, அதற்காகப் பதற வேண்டாம். அதற்கும் முந்தைய இரவு, அதாவது வெள்ளி இரவு, நன்றாகத் தூங்கிவிட்டால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். அறை எடுக்கும்போது லவ் லேன், சூலியா தெரு பக்கம் வேண்டாம். இரவு முழுக்கப் பாட்டுச் சத்தம் இருக்கும்.

இரவில்தானே ஓடுகிறோம், வெயில் இல்லையே என்று ஒரு தைரியம் எல்லோருக்கும் வருகிறது. பினாங்கில் அதிகாலையில் 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஓடும்போது தசைகள் எரிக்கிற சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளிவருகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை ஆவியாவது. வியர்வை சொட்டினால் போதாது, காய வேண்டும். ஈரக் காற்றில் அது காயாது. பாலத்தில் காற்று முதுகுப் பக்கமிருந்து வீசினால் உங்கள் வேகத்துக்கும் அதற்கும் சரியாகிப்போய், காற்றே இல்லாத அறைக்குள் ஓடுவது போல இருக்கும்.

பாலம் 1985-ல் திறக்கப்பட்டது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. நடுவில் கப்பல் போக இடம் விட்டு உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். இருட்டில் அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, தொடையில்தான் தெரியும். ஏற்றத்தில் வேகத்தைப் பிடித்துவைக்கப் பார்க்காதீர்கள், மூச்சை மட்டும் பாருங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அப்படியென்றால் சரி. குளிர் ஊரில், ஏசி அறை டிரெட்மில்லில் எடுத்த நேரத்தை இங்கே எதிர்பார்ப்பது ஆபத்து. உடம்பு இந்த ஈரச் சூட்டுக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும்.

"ஃபுல் இல்லையே, ஹாஃப்தானே" என்பது நான் அடிக்கடி கேட்கும் இன்னொரு வார்த்தை. 21.1 கிலோமீட்டர் குறைந்த தூரம்தான். ஆனால் தூரம் குறையும்போது வேகம் கூடும், வேகம் கூடினால் சூடும் கூடும். ஃபால்மத்தில் விழுந்த 274 பேரும் ஓடியது இதில் பாதி தூரம்தான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பலர் செய்யும் தவறு குறைவாகக் குடிப்பது அல்ல, அதிகமாகக் குடிப்பது. ஒரு முறை ஒரு தங்கச்சி, முதல் ஹாஃப் மாரத்தான், மூன்றரை மணி நேரம் எடுத்து முடித்தாள். வழியில் ஒரு தண்ணீர் மேசையைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றிலும் இரண்டு கப். கூடாரத்துக்கு வந்தபோது தலைவலி, வாந்தி. விரலில் மோதிரம் இறுகிப் போய்க் கழற்ற முடியவில்லை. தோழிகள் "தண்ணி குடி, தண்ணி குடி" என்று பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். நான் அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அவள் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, மிகவும் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீர் இப்படி மூளையை வீங்க வைக்கும், வலிப்பு வரும், உயிரும் போகும்.

இது அரிதான ஒன்றல்ல. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களுக்குத்தான் அது அதிகம் வந்தது. ஓடி முடித்தால் எடை கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தால் குடித்தது அதிகம். 100 பிளஸ் மாதிரிப் பானங்களில் உப்பு இருக்கிறதே என்பார்கள். ரத்தத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு, அளவுக்கு மீறினால் அதுவும் தண்ணீர் மாதிரிதான். தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் மேசையைத் தாண்டிப் போய்விடுங்கள். மெதுவாக ஓடுகிறவர்களும் சிறிய உடல்வாகு உள்ளவர்களும் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

முழங்கால் வலிக்கும் என்று முன்கூட்டியே ஐபுப்ரோஃபன், டிக்லோஃபினாக் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு அது பெரிய அடி. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் ஓடவே வேண்டாம். கட்டிய பணம், எடுத்த டிக்கெட், ஹோட்டல் எல்லாம் வீண் என்று தோன்றும். எனக்குத் தெரியும். இருந்தாலும் வேண்டாம்.

இதயத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அமெரிக்காவில் 2010 முதல் 2023 வரை மாரத்தானும் ஹாஃப் மாரத்தானும் ஓடி முடித்த சுமார் 2.9 கோடி பேரைக் கணக்கில் எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 176 பேருக்கு இதயம் நின்றது. மிக மிக அரிது. அதற்கு முந்தைய பத்தாண்டில் அப்படி விழுந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் இறந்தார்கள். இந்த ஆய்வில் மூன்றில் ஒருவர்தான். இதயம் நிற்பது குறையவில்லை, சாவுதான் குறைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்தியதும், ஏஇடி என்கிற, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி சீக்கிரம் வந்ததும்தான் அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள்.

பாலத்தின் நடுவில், ஆயிரக்கணக்கானோர் ஓடும்போது, ஆம்புலன்ஸ் உங்களிடம் வந்துசேர நேரம் ஆகும். முன்னால் ஒருவர் திடீரென்று சரிந்து, கூப்பிட்டும் பதில் இல்லையென்றால், உங்கள் ஓட்டம் அங்கே முடிந்தது. ஒருவர் அவசர உதவி எண் 999-ஐ அழைக்கட்டும். நீங்கள் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். அவர் விட்டுவிட்டு இழுப்பது போல மூச்சு வாங்கலாம், கைகால் வெட்டலாம். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். அது மூச்சு அல்ல, அழுத்துங்கள்.

படியேறும்போது நெஞ்சு இறுக்கம், ஓடும்போது மயக்கம், வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்தது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பதிவு செய்வதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். நாற்பதைக் கடந்த, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ள அண்ணன்மார்களுக்கும் இதுவேதான். காலணி, சாக்ஸ், வாசலின் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். புதிதாக எதையும் அன்றைக்குப் போடாதீர்கள்.

கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காமல் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். ஓடும்போது கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும். அப்படி வருகிறவர்களைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கினாலே தெளிந்துவிடுவார்கள். தெளியாமல், பேச்சு குழறினால் அது வேறு. உடனே எங்களிடம் கொண்டுவாருங்கள்.

பிறகு ஹோட்டல் அறை. பலர் ஓடி முடித்த கையோடு குளித்து, பத்து மணி பஸ்ஸையோ விமானத்தையோ பிடிக்கிறார்கள். சோடியம் குறைவது சில நேரம் ஓட்டம் முடிந்து சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும். தசை சிதைந்தால் சிறுநீர் தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போகும், அது அன்றைக்கோ மறுநாளோ. பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. மாலை வரை ஊரில் இருங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். பிப்பின் பின்பக்கம் பெயர், ஒவ்வாமை, சாப்பிடுகிற மாத்திரை, வீட்டு எண் எல்லாம் எழுதுகிறீர்கள் அல்லவா? அதோடு ஹோட்டல் பெயரையும் அறை எண்ணையும் எழுதிவையுங்கள். நான் கேட்கும்போது நீங்கள் சொல்வது சரியா என்று பார்க்க எனக்கு அது வேண்டும்.