ஜூன் மாதத்தில் வடக்கிலிருந்து அடிக்கும் வெயில்

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சின்னதாக ஓர் ஓவியக் கூடம் வடிவமைக்க வேண்டுமாம். "வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்தால் போதும், வெயில் உள்ளே வராது என்கிறார் சார். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அப்படியே வைத்துவிடலாமா?"

வைக்கலாம். ஆனால் அந்தப் புத்தகம் எந்த ஊர் வானத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

வெயில் ஏன் வரக்கூடாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒளி என்பது ஃபோட்டான்கள். அலைநீளம் குறையக் குறைய ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் கூடும் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். புற ஊதாவும் நீலமும் சாயத்தின் மூலக்கூறுப் பிணைப்புகளைக் குலைக்கின்றன, நிறம் வெளுக்கிறது. இந்தச் சேதம் கூட்டல் கணக்கில் ஏறும். மங்கலான ஒளியில் நீண்ட நேரம் இருந்தாலும், பளீரென்ற ஒளியில் கொஞ்ச நேரம் இருந்தாலும், ஒளியின் அளவையும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகை ஒன்றானால் சேதமும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால்தான் அருங்காட்சியகங்களில் எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு), நீர்வண்ணத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் ஊர் நேர் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். அது ஒரு மணி நேரம் ஒரு நீர்வண்ண ஓவியத்தின் மேல் விழுந்தால், 50 லக்ஸில் 2,000 மணி நேரம் காட்சிக்கு வைத்ததற்குச் சமம். தினம் 8 மணி நேரம் என்றால் 250 நாள். கண்ணாடி கொஞ்சம் குறைக்கும்தான், ஆனாலும் ஓராண்டுக் கண்காட்சியின் பெரும்பகுதி ஒரு மதியத்தில் தீர்ந்துவிடும்.

சரி, வடக்குக்கு வருவோம். லண்டன் 51.5 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. 1817இல் பொதுமக்களுக்குத் திறந்த டல்விச் ஓவியக் கூடம் அங்கேதான் இருக்கிறது. ஜான் சோன் வடிவமைத்தது, கூரைக்கு மேலே எழும்பி நிற்கும் கண்ணாடி மாடங்கள் வழியாக மேலிருந்து ஒளி இறங்கும். அந்த ஊரில் ஜூன் நடுப்பகலில்கூட சூரியன் தெற்கே 62 டிகிரி உயரத்தைத் தாண்டாது. கோடையில் அதிகாலையிலும் மாலைக் கடைசியிலும் மட்டும் வடக்கே எட்டிப்பார்க்கும். அந்த வானத்துக்கு 'வடக்கு ஒளி பாதுகாப்பானது' என்ற விதி நன்றாகவே பொருந்தும். டெல்லிக்கும் நண்பகல் வெயிலைப் பொறுத்தவரை பொருந்தும், ஏனென்றால் அது கடகரேகைக்கு மேலே இருக்கிறது.

சென்னை இருப்பது 13 டிகிரியில். பள்ளிகளில் குச்சி நட்டுக் கொண்டாடுகிறார்களே நிழலில்லா நாள், அது சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறையும் ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறையும் வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும். அந்த நாளில் குச்சியைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். எனக்கு அதற்கு மறுநாளிலிருந்துதான் சுவாரசியம் தொடங்குகிறது. மே மாதம் நண்பகலில் அதே குச்சியைப் பாருங்கள், நிழல் தெற்கே விழுந்திருக்கும். சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விட்டது.

நண்பகலில் மட்டுமல்ல. இரண்டு நிழலில்லா நாள்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதமும் சூரியன் வடகிழக்கில் உதித்து, வடக்கு வானத்திலேயே ஏறி இறங்கி, வடமேற்கில் மறைகிறது. நாள் முழுக்க ஒரு நிமிடம்கூட தெற்குப் பக்கம் வருவதில்லை. ஆக, கத்திரி வெயில் முழுவதும் சென்னையின் வெயில் படும் சுவர் வடக்குச் சுவர், நிழல் சுவர் தெற்குச் சுவர்! சாரின் விதி அங்கே தலைகீழாகிவிடுகிறது.

அதற்காக வடக்கை விட்டுவிட வேண்டாம். மற்ற எட்டு மாதம் அது நல்ல திசைதான், கோடையிலும் மிகக் குறைந்த செலவில் சமாளிக்கலாம். ஜூன் 21ஐக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், வடக்கே சூரியன் மிக அதிகமாகப் போகும் நாள் அதுதான். நண்பகலில் 80 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும். 1 மீட்டர் உயரமுள்ள செங்குத்துக் கண்ணாடியை முழுக்க நிழலில் வைக்க 18 செ.மீ. சன்ஷேடு போதும். பிற்பகல் 2 மணிக்கு 24 செ.மீ., 3 மணிக்கு 33, 4 மணிக்கு 53, 5 மணிக்கு 1 மீட்டருக்கும் மேல். (இதெல்லாம் சூரிய நேரம். ஜூனில் சென்னைக் கடிகாரத்துக்குச் சுமார் 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.) சூரியன் சாயச் சாய சன்ஷேடு நீண்டுகொண்டே போகிறது, கட்டவே முடியாது.

ஆனால் சூரியன் எந்தத் திசையிலிருந்து சாய்கிறது என்று பாருங்கள். மாலை 5 மணிக்கு அது மேற்கிலிருந்து சுமார் 21 டிகிரி மட்டுமே வடக்கே தள்ளி இருக்கிறது. கதிர் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வருகிறது. பக்கவாட்டில் வருவதைப் பக்கவாட்டில்தான் மறிக்க வேண்டும். 1 மீட்டர் இடைவெளிக்கு ஒரு செங்குத்துத் தடுப்பு வைத்தால், 5 மணிக்கு அதன் ஆழம் 38 செ.மீ. இருந்தால் போதும், சூரியன் மறையும்போது 45. நண்பகலில் இதே தடுப்பு சுத்தமாகப் பயன்படாது, நேர் வடக்கிலிருந்து வரும் கதிர் இரண்டு தடுப்புகளுக்கு நடுவே தாராளமாக நுழையும். அந்த நேரத்துக்குத்தான் சன்ஷேடு இருக்கிறதே. 25 செ.மீ. சன்ஷேடும் 45 செ.மீ. தடுப்புகளும் சேர்ந்தால், ஒன்று கைவிடும் நேரத்தில் மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. காலையும் மாலையும் ஒரே கணக்கு என்பதால், ஜூன் 21 அன்று முழுப்பகலும் ஒரு சொட்டு நேர் வெயில் கண்ணாடியில் படாது. அன்றைக்குப் படாவிட்டால் ஆண்டில் எந்த நாளும் படாது. இரண்டு குட்டையான பலகைகள் ஓர் ஆண்டின் சூரியனை வெளியே நிறுத்துகின்றன என்பதை எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

மாறாக, கூரையில் படுக்கைவாட்டமாகக் கண்ணாடி போட்டால் தொலைந்தோம். தலைக்கு மேல் நிற்கும் சூரியன் அதன் வெப்பம் முழுவதையும் அதில்தான் கொட்டும். டெக்ஸாஸில் லூயி கான் கட்டி 1972இல் திறந்த கிம்பெல் அருங்காட்சியகத்தில் கூரை வளைவுகளின் உச்சியில் நீளமான பிளவுகள் இருக்கின்றன. படத்தைப் பார்த்து அதை அப்படியே வரைந்துகொண்டு வரும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு. பிளவுக்கு நேர் கீழே துளையிட்ட அலுமினியப் பிரதிபலிப்பான் ஒன்று தொங்குகிறது, வரும் ஒளியை மறுபடி மேலே திருப்பி கான்கிரீட் வளைவின் அடிப்பக்கத்தில் பரப்புகிறது. விளக்கு வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி அதற்காக மெனக்கெட்டார். அதை விட்டுவிட்டுப் பிளவை மட்டும் காப்பியடித்தால் வீட்டுக் கூரை ஓட்டைதான் மிஞ்சும்.

ஒளியை ஒரு முறையாவது வெள்ளைச் சுவரில் மோதவிட்டு ஓவியத்துக்கு அனுப்புவதில் இன்னொரு லாபமும் உண்டு. இன்றைய வெள்ளைப் பெயிண்டுகளில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் அதே பொருள், புற ஊதாவை விழுங்கிவிடுகிறது. ஒளி வெள்ளையாகவே வரும், அதன் விஷப் பல் பெயிண்டோடு போய்விடும். கண்ணாடியில் புற ஊதா வடிகட்டும் ஃபிலிமும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வடக்கு என்றதும் வாஸ்துக்காரர் ஒருவர் வந்துவிடுவார், 'குபேர திசை, முன்னோர் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்' என்று. கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் ஒரே பதில் தரும் விதி சூரியனைப் பார்த்து எழுதியதாக இருக்க முடியாது என்பது என் கருத்து. ஆனால் லண்டன் விதியை அட்சரேகை கேட்காமல் சென்னையில் ஒட்டும் நம் வகுப்பறையும் அதே தப்பைத்தான் செய்கிறது. லட்சக்கணக்கில் லேசர் வெட்டும் இயந்திரம் வாங்கும் கல்லூரிகள், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் லக்ஸ் மீட்டரை ஆளுக்கொன்று தரலாம்.

மீட்டர் இல்லாமலும் சோதிக்கலாம். உங்கள் அட்டை மாதிரியின் தரையில் 13 டிகிரிக்கான சூரியக் கடிகாரப் படம் (எந்த மாதம், எந்த நேரம் முள்ளின் நிழல் எங்கே விழும் என்று குறித்த படம்) ஒன்றை ஒட்டி, அதில் முள்ளை நட்டு, மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். அந்த முள்ளின் நிழல் 'ஜூன் 21, மாலை 4' என்ற புள்ளியில் விழும்வரை மாதிரியைச் சாய்த்துத் திருப்புங்கள். எந்த மாதத்திலும் இதைச் செய்யலாம். அப்புறம் போன் கேமராவை உள்ளே நுழைத்துப் பாருங்கள். சுவரில் பளிச்சென்று ஒரு திட்டு தெரிந்தால் தடுப்பை இன்னும் கொஞ்சம் ஆழமாக்குங்கள். கோயம்புத்தூர்ப் பழைய மில்கள் மாதிரி ரம்பப்பல் கூரை போடுவதாக இருந்தால், பற்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வடிகாலை நவம்பர் மழையை நினைத்து அகலமாக வையுங்கள், நடுவே எந்தக் குழாயும் ஓவியச் சுவருக்குள் இறங்க வேண்டாம்.