ருவேதா ஒயினை எடுத்து வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பதி எங்கள் உணவகத்துக்கு ஒரு பாட்டிலோடு வந்தார்கள். கல்யாணப் பரிசாம். ஏழாவது திருமண நாளுக்கென்று சமையலறை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். திறந்து ஊற்றினேன். லேசான பச்சை ஓடும் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது, டிக்காஷன் கலந்த தண்ணீர் மாதிரி விழுந்தது. வாடிய ஆப்பிள் வாசனை. அந்த அம்மாவின் முகம் சுருங்கியது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அது ஸ்பெயினின் ருவேதா வட்டாரத்து வெள்ளை ஒயின். பன்னிரண்டு வருஷமாக ஒயின் பரிமாறுகிறேன். அடிக்கடி பார்க்கிற தவறு இதுதான். 'பழசாகப் பழசாக நல்லது' என்பது சில ஒயின்களுக்குத்தான். ஸ்பெயினில் 6, 7 யூரோவுக்குக் கிடைக்கிற இதற்குப் பொருந்தாது.

காரணம், இதைச் செய்யும் வெர்தேஹோ என்ற வகைத் திராட்சை. கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுத்துவிடும் இல்லையா? இதன் சாறும் அப்படித்தான். அதனாலேயே அந்தக் காலத்தில் ருவேதாக்காரர்கள் காற்றுப்படவே வைத்து, ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் மாதிரி பொன்னிற ஒயின் செய்தார்கள். 1970களில் ஸ்பெயினின் இன்னொரு ஒயின் வட்டாரமான ரியோஹாவின் மார்க்கேஸ் தே ரிஸ்கால் நிறுவனம் அங்கே வந்து, இளசாகக் குடிக்கும் வெள்ளை ஒயின் செய்யத் தொடங்கியபின் நிலைமை மாறியது. 1980இல் ருவேதா என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

இப்போது பெரும்பாலும் ராத்திரி அறுவடைதான். கடல்மட்டத்திலிருந்து 700, 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். பகலில் கொளுத்தினாலும் இரவில் குளிரும். இயந்திரங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் போகும். பழம் சூடேறுமுன் ஆலைக்கு வந்து, சாறு குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் இறங்கிவிடும். சோம்பு வாசனையும் கடைசியில் நாக்கில் நிற்கும் மெல்லிய கசப்பும் இப்படிக் கண்விழித்துக் காப்பாற்றியவை. அடுப்புச் சூட்டில் அவைதான் முதலில் போகும்.

வாங்கும்போது லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். போன வருஷம், அதற்கு முந்தைய வருஷம் என்றால் சரி. கடை ஜன்னலில் வெயில் பட நின்ற பாட்டில் வேண்டாம். மரப்பீப்பாயில் செய்த, விலை கூடிய ருவேதாக்கள் சில வருஷம் தாங்கும். அது வேறு கணக்கு.

8 முதல் 10 டிகிரி வரை குளிரவைத்து, மீனோடு குடியுங்கள். பழரசம்போல இறங்கும், ஆனால் சுமார் 13 சதவீத ஆல்கஹால். குடித்தால் வண்டியைத் தொடாதீர்கள். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் வரும். அப்புறம் மீன் குழம்புச் சட்டியில் ஊற்றிவிடலாம்.