டீசல் சொட்டவில்லை என்றால் லீக் இல்லை என்று யார் சொன்னது?

போன வாரமும் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு ஜீப் வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்து வண்டி, மகிந்திரா எம்எம்540, பிஜோ டீசல் இன்ஜின். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மகன், அப்பா ஓட்டிய வண்டி என்று ஆசைப்பட்டு டிங்கரிங், பெயிண்டிங், சீட், ஹூட் எல்லாம் புதுசாக்கியிருந்தார். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கிய பிறகு, தள்ளிவிட்டால் வெள்ளைப் புகையோடு பிடிக்கும்; அதன் பிறகு நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. பிரஷரில் டீசல் தள்ளும் டீசல் பம்பை இரண்டு முறை இறக்கிக் கடையில் கொடுத்து காலிபரேஷன் பண்ணி, டீசலைப் பீய்ச்சும் நாலு நாசிலையும் மாற்றி, கடைசியில் யாரோ "கம்ப்ரஷன் போச்சு, ஹெட்டை இறக்கணும்" என்று சொன்ன பிறகுதான் இங்கே வந்தது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் டியூபின் முனையில், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுக்கு அடியில் இருந்த இரண்டு காப்பர் வாஷரை மாற்றினேன். அவ்வளவுதான் வேலை. வாஷர் விலையைச் சொன்னபோது அந்தத் தம்பியின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

இப்படி வருவது இது முதல் வண்டி என்றால் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். மார்த்தாண்டம், அருமனை, திருவட்டார் என்று எங்கிருந்து வந்தாலும் கதை ஒன்றேதான். ரெஸ்டோரேஷனுக்குப் போகும்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், பெயிண்ட் ஷாப்பில் நின்றுகொண்டே கெட்டுப்போகாது. எங்கே கை வைத்தார்களோ அங்கே தேடுங்கள். டேங்கை இறக்கினார்களா, டீசல் டியூப் மாற்றினார்களா, சேஸிஸுக்கு பெயிண்ட் அடித்தார்களா, வயரிங் புதுசா? இதைக் கேட்காமல் நேராக பம்பிலும் ஹெட்டிலும் ஸ்பேனர் வைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் எரிச்சல் வரும் பேச்சு ஒன்று உண்டு. "ஏர் எடுக்குது", அதாவது டீசல் லைனுக்குள் காற்று போகிறது என்று நான் சொன்னால் உடனே, "அண்ணே, அட்டைப் பெட்டியை விரிச்சுப் போட்டு ராத்திரி முழுக்க வெச்சுப் பார்த்தோம், ஒரு சொட்டு டீசல் இல்லை, அப்புறம் எப்படி லீக்?" என்பார்கள். மெக்கானிக்குகளே சொல்கிறார்கள் என்பதுதான் கொடுமை. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள லைனில் டீசலை யாரும் தள்ளுவதில்லை, ஃபீட் பம்ப் அதை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவில் நடுவில் ஊசியால் ஒரு குத்து குத்திப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டு சிந்தாது, ஆனால் எவ்வளவு இழுத்தாலும் வாய்க்குப் பாதி காற்றுதான் வரும். வண்டி நிற்கும்போதும் அதே ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து, லைனில் இருக்கும் டீசல் மெதுவாக டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்புக்கு டீசல் எட்டவில்லை, வண்டி எழும்பவில்லை. ஒருமுறை பிடித்துவிட்டால் நாள் முழுக்க ஓடும். டீசல் பம்போ கம்ப்ரஷனோ போயிருந்தால், பெரும்பாலும் வண்டி ஓட்டத்திலும் அது தெரியும். டீசல் சொட்டவில்லை என்பது லீக் இல்லை என்பதற்குச் சாட்சியே அல்ல. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பேருக்கு பம்ப் செலவு மிச்சம்.

கண்டுபிடிக்க ஒரு மிஷினும் வேண்டாம். ஒரு சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் டீசல் ஊற்றி, இன்ஜினைவிட உயரத்தில் பானெட் பக்கம் கட்டித் தொங்கவிடுங்கள். டேங்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஒரு ட்ரான்ஸ்பரன்ட் டியூப். கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் ப்ரைமரை அடித்து, காற்றை வெளியே விடும் ப்ளீடிங் ஸ்க்ரூவில் நுரை நின்று வெறும் டீசல் வரும் வரை காற்றை வெளியேற்றிவிட்டு, ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் ஒரே செல்ஃபில் பிடித்தால், டீசல் பம்ப் மேல் கை வைக்காதீர்கள், கோளாறு டேங்க் பக்கம். பழைய காப்பர் வாஷரை இன்னொரு முறை போடாதீர்கள். ஒருமுறை அமுங்கியது மறுபடி சரியாக உட்காராது. கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டிய இடத்தில் கம்பி சுற்றி முறுக்குவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

டீசல் பம்ப் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சீல் காய்ந்து இறுகியிருக்கும். அதோடு 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வருவது பிஎஸ்6 டீசல், கந்தகம் 10 பிபிஎம்தான், பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. பழைய டீசலில் ஊறிக் கிடந்த சீல்கள் இந்த டீசலில் சுருங்கிக் கசிவதும் உண்டு. அப்படியானால் இந்த டீசலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் சீல் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆனால் அது கேன் டெஸ்டுக்குப் பிறகு.

டேங்க். உள்ளே துருவைச் சுரண்டி ஏதாவது கோட்டிங் அடித்திருந்தால் அது உரிந்து உறிஞ்சு குழாயின் வலையில் போய் ஒட்டும். நாகர்கோவில் ரோட்டில் ஒன்றும் தெரியாது. கீரிப்பாறை தாண்டி தோட்டத்து ஏற்றத்தில் லோடோடு ஏறும்போது புல்லிங் போய் நிற்கும், பத்து நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடும். பெயிண்ட் அடித்தவர் டேங்குக்குள் காற்று போகும் பிரீதர் துளையையும் சேர்த்து அடைத்திருந்தாலும் இதே கதைதான். வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் விடை கிடைத்தது.

அடுத்தது எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. சேஸிஸ், பாடி எல்லாம் கழற்றி பவுடர் கோட்டிங் பண்ணியிருக்கிறார்கள், இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, எர்த் பட்டியை அந்த பெயிண்ட் மேலேயே வைத்து போல்ட் போட்டிருக்கிறார்கள். பிறகு செல்ஃப் எப்படி சுற்றும்? கரண்ட் வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போகும். கேபிள் சூடாகிப் புகைந்த வண்டி வந்திருக்கிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றும் முன், பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு நேராக ஒரு ஜம்பர் கேபிள் கொடுத்துப் பாருங்கள். மீட்டர் இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று வேறு, சுரண்டி இறுக்கிய இடத்தில் கிரீஸ் தடவி விடுங்கள். டெம்பரேச்சர் மீட்டர் எர்த் இல்லாமல் பொய் சொல்வதை நம்பி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறவர்களைப் பற்றி நான் தனியாகத் திட்ட வேண்டும்.

நீலப் புகையா? பிஸ்டன் ரிங் போச்சு என்று முடிவு கட்டுமுன் ஏர் கிளீனரைப் பாருங்கள். பழைய ஜீப்பில் ஆயில் பாத், அதாவது காற்றின் தூசியை ஆயிலில் பிடிக்கும் வகை; எவ்வளவு ஆயில் என்று அதில் மார்க் இருக்கிறது. புதுசாகக் கழுவி வைத்தவர் தாராள மனதோடு நிறைய ஊற்றியிருந்தால் இன்ஜின் அந்த ஆயிலை இழுத்து எரிக்கும். இது விளையாட்டல்ல. சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் தானாக வேகம் ஏறினால், காற்று போகும் வாயை ஒரு பலகையால் அடையுங்கள், கையை வைக்கக் கூடாது.

"நம்ம ஊர்ல என்ன குளிரா, ஹீட்டர் பிளக் எதுக்கு" என்பவர்களுக்கு: பிஜோ எக்ஸ்டிபி 4.90 மாதிரி இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் மேல் அடிப்பதில்லை, தனி அறையில் எரிகிறது. அந்த அறையின் சுவர் சூட்டை விழுங்கிவிடும், அதனால் ஸ்டார்ட் பண்ணும் முன் அதைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இங்கேயும் வேண்டும். அதற்குப் பதிலாக ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டி ஸ்டார்ட் பண்ணும் வித்தையைச் செய்யாதீர்கள். ஹீட்டர் சிவந்திருக்கும்போது பெட்ரோல் ஆவி போனால் வெடிக்கும், பிஸ்டனும் போகும், முகமும் போகும். நாசில் பைப் நட்டை லூசாக்கி எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்க்கும்போதும் விரலை ஒதுக்கி வையுங்கள். அந்த பிரஷரில் டீசல் தோலுக்குள் ஊசி போட்டதுபோல் ஏறிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும் என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என்னிடம் கொண்டுவருவதானால் ஒரு வேண்டுகோள். டிங்கர், பெயிண்டர், வயரிங்காரர் செய்த வேலைகளின் பில்லையும், வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களையும், கழற்றிப் போட்ட பழைய சாமான்களையும் ஒரு சாக்கில் போட்டு எடுத்து வாருங்கள். காலை ஸ்டார்டிங் கோளாறு என்றால் முந்தின நாள் சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். நான் கதவைத் திறக்கும் வரை யாரும் செல்ஃப் அடிக்க வேண்டாம். சூடேற்றி ஓட்டிக்கொண்டு வந்து "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் எனக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.