பனையில் விழுந்த வெட்டு ஏன் மூடுவதில்லை?

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்கிற பனைகளில் ஒன்றில், என் இடுப்பு உயரத்தில், ஓர் அரிவாள் வெட்டு இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே இருந்தது. இன்றைக்கும் அதே அகலம், அதே ஆழம். அதற்கு அப்புறம் பக்கத்து வேம்பில் விழுந்த வெட்டுகள் எல்லாம் பட்டை மூடித் தழும்பாகிவிட்டன. பனைக்கு மட்டும் ஏன் ஆறவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான், எனக்கு ஏன் இந்த மரத்தின் மேல் இவ்வளவு பிரியம் என்பதும் கூடவே புரிந்தது.

வேம்பு, மா, புளி போன்ற மரங்களில் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்று மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. அது உள்பக்கம் புதுக் கட்டையையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மரம் வருடாவருடம் பருப்பதும், காயம் ஓரத்திலிருந்து மெல்ல மூடிவருவதும் அதனால்தான். பனைக்குக் கேம்பியம் கிடையாது. அது நெல்லுக்கும் மூங்கிலுக்கும் தூரத்துச் சொந்தமான ஒருவித்திலைத் தாவரம். அடிமரத்தில் ஆண்டு வளையமும் இல்லை, அறுத்துப் பார்த்து வயது சொல்ல முடியாது.

தொல்காப்பியத்தின் மரபியல், வெளியில் வயிரம், அதாவது கெட்டியான பாகம், உள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே வயிரம் உள்ளவற்றை மரம் என்றும் பிரித்துச் சொல்கிறது. பனை அந்தக் கணக்கில் புல். நுண்ணோக்கி இல்லாத காலத்தில், வெட்டிப் பார்த்தே கண்டுகொண்ட விஷயம் இது, எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பனந்தண்டை அறுத்தால் நடுவில் சோறு என்கிற மெத்தென்ற பாகம், ஓரத்தில் கறுத்த நார்கள் நெருக்கி அடுக்கிய கெட்டியான வளையம். காற்றில் ஒரு தண்டு வளையும்போது இழுபடுவதும் நசுங்குவதும் அதிகமாக வெளிவிளிம்பில்தான், நடுவில் அந்த அழுத்தம் குறைவு. பனையின் பலமும் சரியாக அந்த விளிம்பிலேயே இருக்கிறது. கிளை கிடையாது, உச்சியில் மட்டும் ஓலைகள், ஆக காற்று பிடித்து உலுக்கவும் இடம் கொஞ்சம்தான். ஓட்டு வீடுகளுக்குப் பனங்கையும் பனஞ்சட்டமும் போட்டவர்கள் அந்தக் கறுத்த விளிம்பைத்தான் செதுக்கி எடுத்தார்கள்.

சரி, பருக்கவே முடியாத மரத்துக்கு அவ்வளவு தடித்த அடி எங்கிருந்து வந்தது? முதலிலேயே பருத்துவிடுகிறது. பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வராது. கொட்டையிலிருந்து ஒரு குழாய் போல இறங்கி, கருவைத் தன்னோடு மண்ணுக்குள் ஆழமாகக் கொண்டுபோகிறது. கொட்டைக்குள் இருக்கிற தவுண், கெட்டியான பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது. அங்கே மாவாகச் சேர்வதைத்தான் பொங்கல் சமயத்தில் தோண்டி எடுத்துப் பனங்கிழங்கு என்று அவித்துத் தின்கிறோம். எடுக்காமல் விட்டால், வெயிலும் தீயும் எட்டாத ஆழத்தில் உயிர் பத்திரமாக இருக்கும். அப்புறம் பல வருடங்கள் வெறும் ஓலைகளாகவே தெரியும், அதுதான் வடலி. அடியில் குருத்து தன் முழு அகலத்தையும் எட்டிய பிறகுதான் தண்டு உயரத் தொடங்கும். வடலி வளர்த்துக் கள் குடித்த மாதிரி என்று சொல்கிறார்களே, அந்தத் தாமதத்துக்குக் காரணம் இந்த அடித்தள வேலைதான்.

என்னை மிகவும் அசைத்தது வேறொன்று. வேம்பு தன் சர்க்கரையைக் கொண்டுபோகிற ஃபுளோயம் குழாய்களைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், பழையவை செத்துப் பட்டையோடு போய்விடும். பனையால் அது முடியாது. 70 வயதுப் பனையின் அடியில் இன்றைக்கும் சர்க்கரை கடத்துகிற செல்கள், அந்த இடம் உருவானபோதே உண்டானவை, அன்றிலிருந்து உயிரோடு வேலை பார்ப்பவை. தாவர உலகத்தில் இவ்வளவு நீண்ட காலம் உயிரோடிருக்கிற செல்களைப் பார்ப்பது அரிது.

பதநீர் அந்தக் குழாய்களில் ஓடுகிற சர்க்கரைதான். பூவுக்கும் காய்க்கும் போகவேண்டியதை நாம் பாளையில் வழிமறிக்கிறோம். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் இறக்கலாம். பாளையைக் கடிப்பு என்கிற இடுக்கிக் கட்டையால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைத் தினமும் மெல்லியதாகச் சீவுவார்கள், ஏனென்றால் வெட்டுவாயில் குழாய்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸ். காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்டுக்கு இதைவிட நல்ல விருந்து ஏது? சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துச் சாராயமாக்கும், அதுதான் கள். பிறகு பாக்டீரியா அதைப் புளிக்காடியாக்கும்.

கலயத்தின் உள்ளே தடவுகிற சுண்ணாம்பு இதைத் தடுக்கிறது. அது பதநீரைக் காரத்தன்மை உள்ளதாக்குவதால் ஈஸ்டும் அமிலம் உண்டாக்குகிற பாக்டீரியாவும் தலையெடுக்க முடியாது, சுக்ரோஸ் உடையாமல் நிற்கும். கருப்பட்டிக்கு இது உயிர்நாடி. உடைந்த சர்க்கரை அதிகமாகக் கலந்துவிட்டால் எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுவென்று இருக்குமே தவிர, சிரட்டையில் ஊற்றியது இறுகாது. பனையேறிகள் கலயத்தைக் கழுவுவதிலும் சுண்ணாம்பு பூசுவதிலும் காட்டுகிற கண்டிப்புக்கு இதுதான் காரணம், அந்த வேலையை நான் நேர்த்தியான வேதியியல் என்றே சொல்வேன்.

இவ்வளவும் உச்சியில் இருக்கிற ஒரே ஒரு குருத்தை நம்பி நடக்கிறது. வேம்பை மொட்டையடித்தால் பக்கத்தில் துளிர்க்கும். பனையின் குருத்தை வெட்டினால் கதை முடிந்தது, வேறு மொட்டு கிடையாது. செங்கல் சூளைக்கு வண்டி வண்டியாகப் பனை போனதைப் பார்த்தவன் நான், அதனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ல் தமிழக அரசு அறிவித்தபோது மனது நிறைந்தது. ஒன்று சாய்ந்தால் அந்த இடத்தில் இன்னொன்று பாளை விட 15 வருடமாவது ஆகும்.

கண்மாய்க் கரையில் ஆவணியில் நாங்கள் சிலர் சேர்ந்து கொட்டை புதைத்து மூன்று வருடமாகிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன். விரியாத விசிறி போலச் சில ஓலைகள், தண்டு என்று எதுவும் வெளியே தெரியவில்லை. மண்ணுக்கு அடியில் பருத்துக்கொண்டிருக்கிறது.