சிலிக்கா ஜெல் போட்டால் பேட்டரி குளிருமா?

போன ஐப்பசி மழையில் உணவு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் மின்சார ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, வண்டி நகரவில்லை. பேட்டரி பெட்டியைக் கழற்றும்போதே சந்தேகம் வந்தது. மூடியின் திருகுகளில் இரண்டு வேறு அளவில் இருந்தன. திறந்தால், செல்களுக்கும் மூடிக்கும் நடுவே சின்னச் சின்னப் பருத்திப் பைகள். அம்மாவிடம் சொல்லித் தைத்து வாங்கி, ஆன்லைனில் வாங்கிய சிலிக்கா ஜெல்லை நிரப்பியிருக்கிறார். “வீடியோவுல பார்த்தேன் அண்ணா, ஈரத்தை உறிஞ்சுற பொருள் வெச்சா சூட்டையும் இழுத்துக்குமாம்.”

நீல மணிகள் எல்லாம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. ஈரம் குடித்து முடித்தாயிற்று என்று அர்த்தம். ஒரு பையின் ஓரம் மாட்டி, மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் நசுங்கியிருந்தது. பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் போர்டில் கனெக்டரைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. செல்களின் வோல்டேஜை அளக்கும் மெல்லிய ஒயர்கள் அங்கேதான் வந்து சேர்கின்றன. அளவு தப்பாக வந்ததும் பிஎம்எஸ் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது.

தம்பி கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். ஈரம் உறிஞ்சும் பொருளால் பேட்டரியைக் குளிர்விக்கலாம் என்று 2020-இல் ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகத்தில் ருஜு வாங் குழு ஆய்வில் காட்டியது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே சங்கதிதான். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பானைக்கு நாம் தண்ணீர் ஊற்றுகிறோம்; இந்தப் பொருள் இரவுக் காற்றிலிருந்து தானே ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பகலில் பேட்டரி சூடானதும் வெளியே விடுகிறது. பம்பு வேண்டாம், விசிறி வேண்டாம்.

கணக்குப் போட்டால் ஆசை வரத்தான் செய்யும். 3 யூனிட் பேட்டரி ஒன்றில் 4 சதவீதம் சூடாக வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 432 கிலோஜூல். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் 180 கிராம், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர் போதும். இதே வேலையை உருகும் மெழுகை வைத்துச் செய்ய இரண்டு கிலோவுக்கு மேல் தேவைப்படும்.

ஆனால் அந்த ஆய்வில் பயன்பட்டது சாதா சிலிக்கா ஜெல் இல்லை. எம்ஓஎஃப் என்ற நுண்துளைப் பொருள். 2025-இல் கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் வாங்கித் தந்த வகை. அதில் எம்ஐஎல்-101 என்பது தன் எடை அளவுக்கே நீரைப் பிடிக்கும். அதைவிட முக்கியம், ஈரப்பதம் பாதிக்கு மேல் போனால் மளமளவென்று குடிக்கும், கீழே இறங்கினால் கக்கிவிடும். சென்னைக் காற்றுக்கு இது நன்றாகவே பொருந்தும். பகலில் 35 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால், 45 டிகிரிக்குச் சூடான பெட்டியின் மேற்பரப்பை ஒட்டிய காற்றில் அது 35 சதவீதமாகிவிடும். இரவில் 85 வரை ஏறும். சாதா சிலிக்கா ஜெல் இவ்வளவு தாராளமாக வாங்கிக் கொடுக்காது.

இன்னொன்று, உறிஞ்சும்போது இந்தப் பொருள் சூட்டை வெளியே விடும். குளிர் நாட்டில் இரவு பேட்டரியைக் கதகதப்பாக வைக்க அது வசதி. நம் ஊரில் ராத்திரிதான் எல்லாரும் சார்ஜ் போடுகிறார்கள். சார்ஜ் சூடும் உறிஞ்சும் சூடும் ஒரே நேரத்தில் வரும். இதற்கு வழி சொல்லாமல் யாராவது இப்படி ஒரு பேட்டரியை விற்க வந்தால் நான் வாங்க மாட்டேன்.

தம்பி செய்த பெரிய தவறு, பொருளை மூடிய பெட்டிக்குள் வைத்தது. ஆவி வெளியேறினால்தான் சூடு வெளியேறும். உள்ளே அடைபட்டால்? பகலில் ஜெல் கக்கிய ஈரம், இரவில் குளிர்ந்த உலோக மூடியில் வியர்த்து போர்டின் மேல் சொட்டும். கம்பெனிக்காரர்கள் சில பேட்டரிகளில் ஜெல் வைப்பது உண்மைதான். அது உள்ளே சிக்கிய கொஞ்ச ஈரத்தைப் பிடிக்க, குளிர்விக்க இல்லை. 2022-இல் வண்டிகள் தீப்பிடித்த பிறகு ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, அந்த டிசம்பரிலும் அடுத்த மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பார்த்துச் செய்த பெட்டியை நாலு திருகைக் கழற்றித் திறந்தால் நீர்புகாத் தன்மையும் போச்சு, வாரன்டியும் போச்சு.

ஈரச் சாக்கு போர்த்துவதும் வேண்டாம். வெயிலில் ஓட்டிவிட்டு வந்தால் நிழலில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு சார்ஜ் போடுங்கள். சீட்டுக்கு அடியில் பேட்டரியைச் சுற்றித் துணி, பை, மழைக்கோட்டு என்று திணிக்காதீர்கள். அந்த இடைவெளிக் காற்றுதான் அதற்கு விசிறி.

தம்பியின் செல்கள் தப்பித்தன. பிஎம்எஸ்ஸும் கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டேன். கிளம்பும்போது பருத்திப் பைகளைத் திரும்பக் கேட்டார், வறுத்தால் மறுபடி நீலமாகிவிடுமாம். ஆகும்தான். ஆனால் அந்த நீலம் பெரும்பாலும் கோபால்ட் உப்பு, நச்சு. “அம்மாவோட வாணலியில மட்டும் வறுத்துடாதப்பா” என்றேன். யோசித்துவிட்டு, பைகளை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.